வணக்கம் வண்டிக்கு: மிலானிலிருந்து மொந்தால்சீனோ வரை

செப்டம்பர் 18, மிலான்

எனக்குச் சைக்கிள் செய்து தந்த பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மிலானின் வடக்குப் புறநகரில், ஒரு சலவைக் கடைக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவே பாதி இறக்கிய ஷட்டர், அவ்வளவுதான். குனிந்து உள்ளே போனால் பற்றவைத்த வாடை, காப்பி வாடை, சுவர் முழுக்க மாட்டிய அரங்கள். பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கணக்கு வழக்கும் ஆங்கிலமும் மகள் பொறுப்பு.

ஜனவரியில் சூரிக்கிலிருந்து வந்து அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். அப்போது அவர் என் உயரத்தைக் கேட்கவே இல்லை. காலின் உள்நீளம், தொடை, இடுப்பிலிருந்து தோள், தோளிலிருந்து மணிக்கட்டு என்று எடுத்துக்கொண்டே போனார். கடைசியில் கழுத்து வலி உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு. எனக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. கடையில் வாங்கிய எந்த சைக்கிளிலும் சீட் உயரம் சரியாக அமைந்தால் ஹேண்டில்பார் எட்டாது. இந்த வண்டியில் சீட் குழாய் 56 செ.மீ., மேல் குழாய் 54. உட்கார்ந்து கையை நீட்டினேன், பிடி அங்கேயே இருந்தது. அந்த ஒரு நொடிக்குத்தான் இத்தனை மாதக் காத்திருப்பு.

ஸ்டீல் குழாய்கள், கொலும்பஸ் கம்பெனியுடையவை. 1919இல் ஆஞ்சலோ லூயிஜி கொலொம்போ இதே மிலானில் தொடங்கிய தொழில் அது. சைக்கிள் குழாயோடு நாற்காலிக் குழாயும் செய்தார்கள். முழு நீளத்துக்கும் ஒரே தடிமன் இருக்காது. பற்றவைக்கும் முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. பெரியவர் நகத்தால் தட்டிக் காட்டினார்: ஓரத்தில் மந்தமான ஓசை, நடுவுக்குப் போகப் போகக் கணீர். பிறகு பெடல் அச்சு உட்காரும் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். குழாயும், குழாய்களை இணைக்கும் 'லக்' என்ற மூட்டும் சேரும் இடத்தில், உள்பக்கம் சுற்றிலும், வெள்ளிப் பற்று மயிரிழை அகலத்துக்கு ஒழுங்காக ஓடியிருந்தது. இரும்பை உருக்கி ஒட்டும் வெல்டிங் இல்லை இது. இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே வெள்ளிக் கலவை உருகி, சூட்டைத் தேடி இடுக்குக்குள் தானே ஏறிவிடும். வெளியே எவ்வளவு அரம் போட்டு மினுக்கினாலும் உள்ளே பார்த்தால்தான் வேலைக்காரன் தெரியும் என்றார், மகள் வழியாக.

தராசில் மாட்டினோம். 9.6 கிலோ. இதே காசுக்குக் கார்பன் ஃபைபர் வண்டி வாங்கினால் ஏழரைதான் வரும் என்று அவரே சொன்னார். "மேட்டுல அந்த ரெண்டு கிலோ நல்லாவே தெரியும். ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுக்கோங்க."

எல்லாம் சேர்த்து நாலாயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரவு அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஏங்கண்ணு, சைக்கிளுக்கா நாலு லட்சம்? அதுல மோட்டார் எதாச்சு இருக்குதா?"

செப்டம்பர் 19, லெக்கோ, பெல்லாஜியோ, கிசால்லோ

ரயிலில் லெக்கோ, அங்கிருந்து கோமோ ஏரிக்கரையோரமாக பெல்லாஜியோ. சுமார் 22 கிலோமீட்டர். வலப்பக்கம் முழுக்கத் தண்ணீர், இடப்பக்கம் முழுக்கப் பாறை, நடுவில் டூரிஸ்ட் பஸ்கள். பஸ் டிரைவர்கள் பொறுமைசாலிகள். வளைவு முடியும்வரை பின்னாலேயே வந்து, வழி கிடைத்ததும் ஹாரன் அடிக்காமல் தாண்டிப் போனார்கள். பெங்களூர் ஓசூர் சாலையில் ஓட்டிப் பழகியவனுக்கு இது கூச்சமாக இருந்தது, யாரோ நம்மைத் தவறாக வி.ஐ.பி. என்று நினைத்துவிட்டதைப் போல.

மதியம் மிஸ்ஸோல்தீனி என்று ஒன்று சாப்பிட்டேன். ஏரி மீனை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து, அழுத்திக் கட்டி வைத்து, பிறகு கம்பியில் சுட்டு வினிகர் தெளித்துத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த சோளமாவுக் களி. 14 யூரோ. பரிமாறிய அம்மாள் எனக்கு இது ஒத்துக்கொள்ளுமோ என்று கவலையோடு பக்கத்திலேயே நின்றார். கருவாட்டு ஊர்க்காரனிடம் காட்டும் கவலையா இது! முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த தாகம்தான் கொடுமை.

பெல்லாஜியோவிலிருந்து கிசால்லோ ஏற்றம் தொடங்கிய உடனேயே முகத்தில் அறைகிறது. முதல் சில கிலோமீட்டர் சரிவு 14 சதவீதம் வரை போகும். சிவென்னா ஊரில் கொஞ்சம் மூச்சு விடலாம், கடைசியில் மறுபடி ஏறும். 754 மீட்டர் உயரத்தில் சின்னஞ்சிறு மாதா கோயில். 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த மாதாவைச் சைக்கிள்காரர்களின் காவல் தெய்வமாக அறிவித்தார். உள்ளே மெழுகுவர்த்திகளுக்கு மேலே சுவரெல்லாம் சைக்கிள்கள்: அந்தக் காலப் பந்தய வீரர்கள் கோப்பி, பார்தாலி, மெர்க்ஸ் ஓட்டியவை. நம் ஊர்க் கோயில்களில் நேர்ந்துகொண்டு தொட்டில் கட்டுவார்கள், இங்கே வண்டியையே கட்டியிருக்கிறார்கள்.

ஒரு வண்டியின் முன்பக்கம் நொறுங்கியிருந்தது. பாபியோ காசார்தெல்லியுடையது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1995 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பிரனீஸ் மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். வயது 24. இந்தப் பக்கத்துக்காரர். அதன் முன்னால் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

வெளியே வந்தால் என் வண்டியைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் மண்டியிட்டு அடிக்கூட்டைப் பார்க்கிறார், இன்னொருவர் லக்கின் கூர்முனையை விரலால் தடவுகிறார். யார் செய்தது என்று கேட்டார்கள். சொன்னேன். "ஆ!" என்றார் ஒருவர், பெரியவரின் அண்ணனைத் தெரியுமாம். அரை மணி நேரம் பேசினார்கள். நான் எந்த நாடு, என்ன வேலை, ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒருவர் சீட்டைத் தட்டிக் கொடுத்து விடைபெற்றார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 20, ரயிலிலேயே

அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் போட்டால்தான் ஏற்றுவார்கள். பாசஞ்சர் வண்டிகளில் மூன்றரை யூரோ சைக்கிள் சீட்டு எடுத்தால் போதும், ஆனால் மிலானிலிருந்து சியெனா போய்ச் சேர நாள் முழுக்க ஆகும். பொலோன்யாவுக்கு அப்புறம் ஏறிய ஒரு குடும்பம் ஆளுயரப் பெட்டி ஒன்றைக் கொக்கியில் தொங்கிய என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியது. ஒரு பிரேக். பெட்டி சாய்ந்தது. சரியாகப் பின் கியர் மாற்றியின் மேல்.

அந்தக் குடும்பத்துப் பாட்டி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். பையிலிருந்து மொர்த்தாதெல்லா என்ற பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

இரவு சியெனா. பெடலைச் சுற்றினால் செயின் பெரிய பல்லுக்கு ஏறும்போது கியர் மாற்றி ஸ்போக்கில் உரசுகிறது. கியர் மாற்றியைத் தாங்கும் காது உள்பக்கமாக வளைந்துவிட்டது.

செப்டம்பர் 21, சியெனா, கயோலே

கோட்டை மதிலுக்கு வெளியே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரருக்கு வணக்கம் சொன்னேன். பதில் வண்டிக்குப் போனது. கையை விரித்துக்கொண்டு, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்கிற தொனியில் ஏதோ கேட்டுக்கொண்டே தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கியர் மாற்றியைக் கழற்றினார். மூலையில் கிடந்த ஒரு பழைய பின் சக்கரத்தை எடுத்து, அதன் அச்சின் முனையை வளைந்த காதின் ஓட்டைக்குள் திருகினார். இரண்டிலும் ஒரே மரை: 10 மில்லிமீட்டர் குறுக்களவு, மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். இப்போது என் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் நிற்கிறது. காது நேராக இருந்தால் இரண்டு ரிம்மும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். மேலே நாலு விரல் நுழைந்தது, கீழே இரண்டுதான். பழைய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, மெல்ல வெளியே இழுத்தார். விட்டார், விரல் வைத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். முன்னே, பின்னே, மேலே, கீழே, எல்லாப் பக்கமும் மூன்று விரல் வரும்வரை. சூடு காட்டவே இல்லை.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன அலுமினியக் காதுகள் பெட்டி பெட்டியாக. கார்பன், அலுமினிய வண்டிகளுக்கு இப்படித் தனித் துண்டாகத்தான் காது வரும், வளைந்தால் மாற்றிவிடலாம். ஆனால் மாடலுக்கு ஒரு வடிவம். நம்முடையது இல்லையென்றால் வரவழைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஸ்டீல் வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும். அதற்காக ஆண்டுக்கொரு தரம் வளைக்காதே, அதுவும் களைத்து ஒருநாள் முறியும் என்று விரலாட்டி எச்சரித்தார்.

பத்து யூரோ வாங்கிக்கொண்டார். கோட்டம் எடுக்க வேண்டுமா என்று சக்கரத்தையும் சுழற்றிப் பார்த்தார். தேவையில்லை. கடைசியாகத்தான் என் பக்கம் திரும்பி, "எந்த ஊர்?" என்றார்.

மதியத்துக்கு மேல் கயோலே. சாலையெங்கும் திராட்சை அறுவடை. டிராக்டர் டிரெய்லரிலிருந்து வழிந்த சாறு வளைவுகளில் பிசுபிசுக்கிறது, அதன் மேல் குளவிகள். கயோலே சின்ன ஊர். ஒரு சதுக்கம், ஒரு ஓடை. 1997இல் ஜான்கார்லோ ப்ரோச்சி இங்கே எரோய்கா என்ற ஓட்டத்தைத் தொடங்கியபோது வந்தவர்கள் 92 பேர். இந்தப் பக்கத்து வெள்ளை மண்சாலைகளுக்குத் தார் போட்டுவிடக் கூடாது என்பதும் அதன் நோக்கம். அக்டோபரில் நடக்கும். 1987க்கு முந்தைய பந்தய சைக்கிள்களுக்கான ஓட்டம், கியர் நெம்புகோல் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும், பெடலில் வார் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பயந்தே நான் முன்னதாக வந்தேன். 209 கிலோமீட்டர் பாதைக்கு நிரந்தரமாகவே வழிப்பலகை நட்டிருக்கிறார்கள்; யாரும் எந்த நாளும் போகலாம்.

இரவு ரிபொல்லீதா. பழைய ரொட்டி, கருங்கீரை, வெள்ளை பீன்ஸ், எல்லாம் சேர்ந்து கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. 9 யூரோ. அருமை. ஆனால் கூடவே தரும் தொஸ்கானா ரொட்டியில் உப்பே போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 22, கயோலேயிலிருந்து அஷ்யானோ

காலையில் ப்ரோலியோ கோட்டை ஏற்றம். வெள்ளைச் சாலை, இருபக்கமும் சைப்ரஸ். இந்தக் கோட்டைக்காரர் பெத்தீனோ ரிக்காசோலி, இத்தாலியின் பிரதமராகவும் இருந்தவர், 1872இல் கியாந்தி ஒயினுக்கு எந்தத் திராட்சை எவ்வளவு என்று கணக்கு எழுதிவைத்தார்.

ஸ்டீல் வண்டி மண்சாலையின் அதிர்வை உறிஞ்சிவிடும் என்று இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், காலையில் ஐந்து பார் காற்றழுத்தத்தில் ஓட்டியபோது பல் ஆடியது; 30 மி.மீ. டயரில் மூன்றரை பாருக்குக் காற்றை இறக்கியதும் சொகுசானது. முக்கால் பங்கு புண்ணியம் டயருக்கு. உலோகத்தின் பேரில் பாடும் பாட்டைக் கொஞ்சம் குறைக்கலாம். இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது வேறு. இறக்கத்தில், தகரக் கூரை போல வரிவரியாகக் கிடக்கும் சாலையில், சக்கரம் துள்ளினாலும் வண்டி தன் கோட்டை விடவில்லை. உடம்பு சரியான இடத்தில் உட்கார்ந்திருப்பதால் கை பிடியை நெரிக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் கழுத்து வலிக்கவில்லை.

என் வண்டியின் கீழ்க் குழாய் கியர் நெம்புகோலில் 'டிக்' என்ற படி கிடையாது. தள்ளி, செயினின் சத்தத்தைக் கேட்டு, ஒரு மயிரிழை திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு கையை விட வேண்டும். சரளைக்கல் மேட்டில் ஒரு கையை விட முடியாது. ஆகவே மேடு வருமுன்பே எந்த கியர் என்று முடிவெடுத்துவிட வேண்டும்.

கஸ்தெல்நுவோவோ பெரார்தெங்காவைத் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரம் நின்றேன். அறுவடைக் கூட்டத்தில் ஒரு பஞ்சாபிப் பையன் கையசைத்தான். என் இந்தி அவனைச் சிரிக்க வைத்தது, ஆனாலும் ஒரு பெரிய கொத்தை வெட்டி நீட்டினான். சான்ஜொவேசே என்ற ஒயின் திராட்சை, விதை பெரிது, சாப்பிடுவதற்கான பழம் இல்லை, ஆனால் அந்த வெயிலில் தேவாமிர்தம். வண்டி என்ன விலை என்றான். ஒரு சைபரைக் குறைத்துச் சொன்னேன். அதற்கே "நானூறா?" என்று நெஞ்சில் கை வைத்தான். தன்னுடையதை அறுபதுக்கு வாங்கினானாம். வேலியில் சாய்த்திருந்ததைக் காட்டினான். அதுவும் ஸ்டீல்தான். பழைய பியாங்கி கம்பெனி வண்டி, பெயிண்ட் போய் துருப்பிடித்து, பின்னால் காய்கறிப் பெட்டி கட்டியது. தினமும் பதினாலு கிலோமீட்டர், மழையிலும். செயின் மட்டும் எண்ணெய் போட்டுப் பளிச்சென்று இருந்தது.

மதியம் மொந்தே சாந்தே மரியே. 11.5 கிலோமீட்டர் வெள்ளைச் சாலை, மரமே இல்லை, இரண்டு பக்கமும் உழுத சாம்பல் நிறக் களிமண் மேடுகள். ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தை மூன்று தடவை வென்ற கான்செலாராவின் பெயரை இந்தத் துண்டுக்கு வைத்திருக்கிறார்கள். அவர் ஏறியதை நான் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பண்ணைக்கு முன்னால் வெள்ளை மாரெம்மா நாய் ஒன்று நடுச்சாலையில் படுத்திருந்தது. குரைக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நான் சுற்றிக்கொண்டு போகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தது.

செப்டம்பர் 23, அஷ்யானோ, மழை

ராத்திரியே பிடித்த மழை. காலையில் கொஞ்சம் விட்டதும் கிளம்பி ஊர் எல்லையில் மண்சாலையில் இறங்கினேன். இந்தக் களிமண் நனைந்தால் டயரில் சுற்றிக்கொண்டே வந்து பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச தூரத்தில் முன் சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் சுரண்டி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். 9.6 கிலோவோடு சேறு ஒரு நாலு கிலோ.

ஊர்க் காப்பி பாரை நடத்தும் அம்மா என்னைப் பார்த்தவுடன் ஒன்றும் கேட்காமல் பழைய செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தார், ஷூவுக்குள் திணிக்க. எஸ்பிரெஸ்ஸோ 1.30 யூரோ. வாசல் கூரைக்கடியில் வண்டியைக் கழுவினேன். மழையில் நனைந்தால் அன்றைக்கே செய்யச் சொல்லிப் பட்டறைப் பெரியவர் ஒரு வேலை கொடுத்திருந்தார்: சீட் கம்பியின் உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, அதை உருவி எடுத்து, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தேன். சீட் குழாயிலிருந்து ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் ஊற்றியது. ஸ்டீல் வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை, இப்படி உள்ளேயிருந்தும் பிடிக்கும்.

உள்ளே ப்ரிஸ்கொலா ஆடிக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவர் சீட்டுக்கட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தார். நின்று பார்த்தார். வீட்டுக்குப் போய்த் தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியோடு திரும்பினார். குழாய்க்குள் விடு, சுற்று, மறுபக்கம் சாய் என்று கையாலேயே சொல்லிக் கொடுத்தார். உள்ளே ஆட்டம் நின்றுபோனதால் மற்ற மூவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரு கிளாஸ் ஒயின் வாங்கித் தர முயன்றேன். காசை நகர்த்திவிட்டு எனக்கும் சேர்த்து அவரே வாங்கினார்.

சாயங்காலம் ரொட்டிக் கடையில் ஸ்க்யச்சாதா கொன் லூவா: தட்டை ரொட்டிக்குள்ளும் மேலும் கறுப்புத் திராட்சையைக் கொட்டிச் சர்க்கரை தூவிச் சுட்டது. அறுவடைக் காலத்தில் மட்டும்தான். மூன்று யூரோ, கை முழுக்கச் சாயம். இதற்கு உப்பு வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 24, மொந்தால்சீனோ, புவோன்கொன்வெந்தோ

வெயில். களிமண்ணை நம்பாமல் தார்ச்சாலை. மொந்தே ஒலிவேத்தோ மடத்தில் சிஞ்ஞொரெல்லி, சோதோமா வரைந்த சுவரோவியங்கள். செருப்பில்லாமல் சத்தமின்றி நடக்க ஆசைதான், ஆனால் சைக்கிள் ஷூவின் அடிக்கட்டை டக் டக்கென்று மண்டபம் முழுக்க ஒலித்து மானத்தை வாங்கியது. சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

மொந்தால்சீனோ 564 மீட்டர். மேலே இரண்டு பேர் கார்பன் வண்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், பிறகு மரியாதைக்கு "கலர் நல்லா இருக்கு" என்றார். தன்னுடையதை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கோட்டைச் சுவரை ஒட்டிய மேட்டில் ஒரு சுற்று. ஏறுவதில் என்னுடையதைவிட நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. பெடலை மிதித்த உடனே பாய்கிறது. கை மட்டும் கொஞ்சம் தூரமாக நீள வேண்டியிருந்தது. ஒரு கிளாஸ் ப்ருனெல்லோ ஒயின் 9 யூரோ. நேற்று சீட்டாடிய பெரியவர் வாங்கித் தந்தது எனக்குப் பிடித்திருந்தது.

புவோன்கொன்வெந்தோவரை முழுக்க இறக்கம். ரயிலில் வண்டியைக் கொக்கியில் மாட்டி, வாரால் கட்டி, எதிர் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் பாட்டியோடு ஒரு பையன், எட்டு வயதிருக்கும். நெம்புகோலை, லக்கை, செயினை எல்லாம் ஆராய்ந்துவிட்டு எத்தனை கியர் என்று கேட்டான். முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, பதினாறு என்று விரலால் காட்டினேன்.

"என்னோடதுல இருபத்தொண்ணு" என்றான்.